உருக்குக்குப் பெயரிடும் முறை

திருப்பதியிலிருந்து திருக்காளத்திக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏர்பேடு என்னும் ஊர் இருக்கிறது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2022ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமானபோது அதனுள் அடங்கியது. 2015இல் திருப்பதியின் பெயரால் தொடங்கப்பெற்ற இரண்டு பெரிய கல்வி நிலையங்கள், அதாவது இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியற் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும், ஏர்பேட்டை அடுத்தே தங்கள் நிலையான வளாகங்களை அமைத்துக்கொண்டன. கல்லூரி வந்த ஊரில் கட்டடமும் வரும் அல்லவா? கம்பி ஏற்றிய லாரிகள் சாலையில் செல்வதை அங்கே அடிக்கடி காணலாம்.

அந்தச் சாலையோரத்தில் ஒரு கொல்லுப்பட்டறை உண்டு. அரிவாளும் கடப்பாரையும் கொழுவும் அங்கே அடித்துத் தருகிறார்கள். அரிவாளுக்கு அந்தக் கொல்லர் புது இரும்பு வாங்குவதில்லை. பழைய லாரியின் வில்பட்டையை வாங்கி, காய்ச்சி, அடித்து, தோய்த்துக் கூராக்குகிறார். 'இது நல்ல உக்கு' என்பார். தமிழில் உருக்கு என்பதைத் தெலுங்கர் உக்கு என்பர். ஐரோப்பியர் நம் நாட்டு உருக்கை வூட்ஸ் என்று அழைத்ததும் இந்த உக்கு என்னும் சொல்லின் சிதைவே என்று பலர் கருதுகின்றனர். அது நல்ல உக்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்? சாணைச் சக்கரத்தில் வைத்தால் பறக்கும் பொறியைப் பார்க்கிறார். சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்கிறார். கண்ணும் காதும் சொன்ன பிறகு, பெயர் ஒன்று அவருக்கு வேண்டியிருப்பதில்லை.

நமக்கோ அது வேண்டியிருக்கிறது. ஏர்பேட்டில் வீடு கட்டுகிறவர் வாங்கும் கம்பி விசாகப்பட்டினத்திலிருந்தும் வரலாம், வேறு எங்கிருந்தும் வரலாம். உருக்கியவரை வாங்குபவர் அறியார். வாங்கியவரை உருக்கியவர் அறியார். அதை வளைத்துக் கட்டுகிற மேஸ்திரிக்கு இருவரையும் தெரியாது. இவர்கள் எல்லோருக்கும் இடையே இருப்பது ஓர் எழுத்தும் சில எண்களுமே. அந்த எழுத்தும் எண்ணும் எதைக் குறிக்கின்றன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இந்தியத் தர நிறுவனம் 1947ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தோன்றியது. விடுதலைக்கு ஏழு மாதம் முந்தியது அது. அதன் தொடக்க காலப் பணிகளுள் உருக்கு பற்றியவை முதன்மையானவை. நாட்டில் உருக்கு அரிதாக இருந்த காலம். அதைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்கென்றே 1950இல் ஒரு திட்டத்தை அந்நிறுவனம் மேற்கொண்டது. கட்டட வேலைக்குரிய உருக்கைப் பற்றிய 226ஆம் எண் தர அளவு அதே ஆண்டில் வெளியாயிற்று. பற்றவைத்து இணைப்பதற்குரிய உருக்குக்கு 2062ஆம் எண் தர அளவு 1962இல் வந்தது. 1987 முதல் அந்நிறுவனத்தின் பணிகளை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்று நடத்துகிறது. நிறுவனத்தின் பெயர் மாறினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை என்றே மக்கள் இன்றும் சொல்லுகிறார்கள். முத்திரையிலும் அந்த எழுத்துகளே இருக்கின்றன.

உருக்குக்குப் பெயரிட இரு வழிகள் உண்டு. அது எவ்வளவு தாங்கும் என்பதைக் கொண்டு பெயரிடலாம். அல்லது அதற்குள் என்னென்ன கலந்திருக்கின்றன என்பதைக் கொண்டு பெயரிடலாம். பாலம் கட்டுகிறவருக்கு முதல் வழி போதும். பற்சக்கரம் செய்கிறவர் தம் பட்டறையில் அதை மீண்டும் காய்ச்சித் தோய்க்கப் போகிறவர் ஆதலால், உட்கலவை தெரிந்தாக வேண்டும். பெயரிடும் இம்முறைகளை வகுத்துத் தருவது 1762ஆம் எண் தர அளவு.

முதல் வழியைப் பார்ப்போம். ஒரு சிறு உருக்குத் துண்டை இரு முனையிலும் பற்றிச் சோதனைப் பொறியில் இழுக்கிறார்கள். தொடக்கத்தில் அது சிறிது நீளும். விட்டுவிட்டால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். இழுப்பை மேலும் கூட்டினால் ஒரு நிலையில் அது விட்டுக்கொடுத்துவிடும். பிறகு கையை எடுத்தாலும் பழைய நீளம் வராது. ஆனால் உருக்கு அப்போதே அறுந்துவிடுவதில்லை. இன்னும் இழுக்க இன்னும் தாங்கி, ஓர் உச்சத்தை அடைந்து, நடுவில் இடை சிறுத்துப் பின்னரே அறுகிறது. ஆகவே ஒரே துண்டுக்கு இரண்டு எண்கள் கிடைக்கின்றன. விட்டுக்கொடுத்த நிலை ஒன்று. உச்சமாகிய இழுவலிமை மற்றொன்று. அறுவதற்குள் நூற்றுக்கு எத்தனை பங்கு நீண்டது என்பது மூன்றாவது எண். இந்த மூன்றையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். குழப்பம் எல்லாம் இவற்றைச் சுற்றியே எழுகிறது.

கடைத்தெருவில் எம்.எஸ். என்று சொல்லப்படும் சாதாரண மென்னுருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் தர ஏட்டில் அதன் பெயர் 'எஸ்.டி. 42'. சதுர மில்லிமீட்டர் ஒன்றுக்கு 42 கிலோகிராம் எடை இழுக்கும் வரை அறாது என்பது பொருள். பிறகு உலகெங்கும் நியூட்டன் என்னும் அலகு வழக்கிற்கு வந்தது. ஒரு கிலோகிராம் எடை ஏறக்குறைய 9.81 நியூட்டன். 42ஐ 9.81ஆல் பெருக்கினால் 412 வரும். அதைச் சற்றே குறைத்து 410 ஆக்கி, 'எஃப்.ஈ. 410' என்று பெயர் வைத்தார்கள். எஃப்.ஈ. என்பது இரும்புக்கு வேதியியலார் இட்ட குறி. 226ஆம் எண் தர அளவை 1992இல் 2062உடன் சேர்த்துவிட்டார்கள். 2006இல் மறுபடியும் ஒரு மாற்றம். அறும் அளவைக் கொண்டு பெயரிடுவதை விட்டு, விட்டுக்கொடுக்கும் அளவைக் கொண்டு பெயரிட்டார்கள். அதே உருக்கு 'ஈ 250' ஆயிற்று.

இம்மாற்றத்தில் நியாயம் உண்டு. உத்தரம் ஒன்று அறுந்து விழுவதற்கு வெகு முன்னரே, தொய்ந்து மீளாமற் போனபோதே, அது கெட்டுவிட்டது. பொறியாளர் கணக்கிடும்போது முதலில் கையில் எடுப்பதும் அந்த விட்டுக்கொடுக்கும் எண்ணைத்தான். ஐரோப்பாவிலும் இதே முறையில்தான் 'எஸ் 355' என்று பெயரிடுகிறார்கள். ஜப்பானியரின் 'எஸ்.எஸ். 400' இன்னும் அறும் அளவைக் குறிக்கிறது.

நியாயம் இருந்தாலும் ஓர் இடர்ப்பாடும் உடன் வந்தது. புதிய வரிசையில் 'ஈ 250' மட்டும் அன்றி 'ஈ 300', 'ஈ 350', 'ஈ 410' என்று வலிமை மிக்க வகைகள் பலவும் உள்ளன. பழைய 'எஃப்.ஈ. 410' ஒருபுறம்; புதிய 'ஈ 410' மறுபுறம். எண் ஒன்றே. ஆனால் முன்னது 250இல் விட்டுக்கொடுக்கும். பின்னது 410 வரை விட்டுக்கொடாது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நின்றால், எதிர்பார்த்த வலிமையில் ஐந்தில் மூன்று பங்குதான் கிடைக்கும்.

இது ஏட்டளவில் நிற்கும் அச்சம் அன்று. சில ஆண்டுகளுக்கு முன், ரேணிகுண்டாவுக்கு அப்பால் ஒரு பட்டறைக் கொட்டகையில் பாரந்தூக்கி ஓடுவதற்கான உத்தரம் அமைக்கும் வேலையை நான் மேற்பார்த்தேன். வரைபடத்தில் 'ஈ 410' தகடு என்று இருந்தது. கொள்முதல் தாளில் எழுதியவர் எழுத்தை விட்டுவிட்டு 410 என்று மட்டும் எழுதியிருந்தார். அந்தத் தாளில் கையொப்பமிட்டவன் நான். எண்ணைப் பார்த்தேன், எழுத்து இல்லாததைப் பார்க்கவில்லை. வியாபாரி தம்மிடமிருந்த பழைய சரக்கிலிருந்து 'எஃப்.ஈ. 410' அனுப்பிவைத்தார். அவர்மேல் குற்றம் சொல்ல இயலாது. கேட்ட எண்ணைத்தானே தந்தார்.

தகடுகளை வெட்டத் தொடங்கும் நாளில், பயிற்சிக்கு வந்திருந்த ஓர் இளம்பெண் தகட்டின் ஓரத்தில் வண்ணத்தால் எழுதியிருந்த உருக்குத் தொகுதியின் எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து, 'ஐயா, 410 இருக்கிறது. ஆனால் நாம் கேட்ட வரிசையில் இல்லையே' என்றார். சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். விட்டுக்கொடுக்கும் அளவு என்ற இடத்தில் 268 என்று இருந்தது. தகடுகள் திரும்பிச் சென்றன. வேலை மூன்று வாரம் தாமதப்பட்டது. அந்தப் பாரந்தூக்கியின் கீழே நாள்தோறும் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். அன்றிலிருந்து சான்றிதழில் முதலெழுத்தை வாய்விட்டுப் படிக்காமல் நான் கையொப்பமிடுவதில்லை. என் அலுவலகத்து இளைஞர்கள் இதைக் கண்டு சிரிப்பதுண்டு.

'ஈ 250' என்பதற்குப் பின்னால் 'ஏ' என்றோ, 'பி.ஆர்.' என்றோ, 'பி 0' என்றோ, 'சி' என்றோ ஒரு வால் இருக்கும். திடீரென்று அடி விழுந்தால் உருக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்வது அது. குளிரில் உருக்கு கண்ணாடி போல் நொறுங்கும் இயல்பு உடையது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பற்றவைத்துக் கட்டிய லிபர்ட்டி கப்பல்கள் சில குளிர்ந்த கடலில் இரண்டாகப் பிளந்ததற்கு இது ஒரு காரணம். 'ஏ' வகைக்கு அடிச்சோதனை இல்லை. 'பி 0' வகையைச் சுழி பாகையிலும் 'சி' வகையைச் சுழிக்குக் கீழே இருபது பாகையிலும் சோதிக்க வேண்டும். ஏர்பேட்டுச் சித்திரை வெயிலில் இதன் அருமை தெரியாது. லடாக்கில் பாலம் கட்டுகிறவருக்குத் தெரியும்.

இனி வீடு கட்டுகிறவர் கம்பிக்கு வருவோம். கான்கிரீட்டுக்குள் வைக்கும் கம்பிக்கு 1786ஆம் எண் தர அளவு. அதில் 'எஃப்.ஈ. 415', 'எஃப்.ஈ. 500', 'எஃப்.ஈ. 550' என்று வகைகள். இங்கேதான் நம் தர ஏடுகளின்மேல் எனக்கு ஒரு மனக்குறை. தகட்டுக்கு 'எஃப்.ஈ. 410' என்றபோது எண் அறும் அளவைக் குறித்தது. கம்பிக்கு 'எஃப்.ஈ. 415' என்னும்போது எண் விட்டுக்கொடுக்கும் அளவைக் குறிக்கிறது. 1762ஆம் எண் ஏட்டின்படி, விட்டுக்கொடுக்கும் அளவால் பெயரிட்டால் எஃப்.ஈ.க்குப் பின் இன்னொரு ஈ வர வேண்டும். தாமே வகுத்த விதியைத் தாமே மறந்தது போல் அந்த ஓர் எழுத்து கம்பியின் பெயரில் காணப்படவில்லை. 410க்கும் 415க்கும் ஐந்துதான் வேறுபாடு என்று எண்ணிய மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். உண்மையில் முன்னது 250இலும் பின்னது 415இலும் விட்டுக்கொடுக்கும் பொருள்கள்.

எண்ணை எடையாக மாற்றிப் பார்த்தால் விளங்கும். பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பியின் குறுக்குப் பரப்பு 113 சதுர மில்லிமீட்டர். அது 'எஃப்.ஈ. 500' ஆனால் ஏறத்தாழ ஐந்தே முக்கால் டன் எடை தொங்கும் வரை விட்டுக்கொடாது. 'எஃப்.ஈ. 415' ஆனால் நாலே முக்கால் டன். வரைபடம் 500 என்று சொல்லியிருக்க 415 வந்து சேர்ந்தால், கம்பி ஒன்றுக்கு ஒரு டன் நம்பிக்கை குறைந்துபோகிறது.

கடைகளில் டி.எம்.டி. கம்பி வேண்டும் என்று கேட்பதே வழக்கம். டி.எம்.டி. என்பது தரத்தின் பெயர் அன்று; செய்யும் முறையின் பெயர். சிவக்கச் சிவக்க உருட்டிய கம்பியை நீர்த் தாரையால் சட்டென்று குளிரச் செய்கிறார்கள். மேற்புறம் கடினமாகிறது; உள்ளே எஞ்சிய வெப்பம் வெளியே பரவி அந்தக் கடினத்தைப் பதப்படுத்துகிறது. இதற்கு முன்பு குளிர்ந்த நிலையில் முறுக்கிய கம்பிகள் வந்தன. முறுக்குவது போன பின்னும் மேஸ்திரிகள் பலர் முறுக்குக் கம்பி என்றே சொல்லுகிறார்கள். எந்தப் பெயரால் கேட்டாலும் சரி, எண்ணையும் வாலெழுத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அந்த வாலெழுத்துகளில் 'டி' என்பது முக்கியமானது. 'எஃப்.ஈ. 500' அறுவதற்குள் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்காவது நீள வேண்டும், 'எஃப்.ஈ. 500 டி' பதினாறு பங்காவது நீள வேண்டும். கந்தகமும் பாஸ்பரசும் பின்னதில் இன்னும் குறைவாக இருக்க வேண்டும். வலிமை எண் இரண்டுக்கும் ஒன்றே. நிலம் நடுங்கும்போது வளைந்து கொடுக்கும் கம்பி உள்ள வீடு, விரிசல் கண்டாலும் உள்ளே இருப்பவர் வெளியேற நேரம் தரும். எண் பெரிதானால் கம்பியும் உயர்ந்தது என்று எண்ணி 'எஃப்.ஈ. 600' கேட்கிறவர்கள் உண்டு. சாதாரண மாடி வீட்டுக்கு, பொறியாளர் வேறு விதமாகச் சொன்னாலன்றி, நான் 'எஃப்.ஈ. 500 டி' என்றே சொல்லுவேன்.

வீட்டுக்காரர் தாமே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ எடை இருக்க வேண்டும். பன்னிரண்டு மீட்டர் நீளக் கம்பி 10 கிலோ 650 கிராமுக்குச் சற்று மேல். ஒரு தொகுதிக்கு நூற்றுக்கு ஐந்து வரை கூடலாம், குறையலாம் என்று தர ஏடு இடம் தருகிறது. பத்துக் கம்பியைச் சேர்த்து எடைமேடையில் வைத்தால், நூறு கிலோவுக்கு மிகவும் கீழே போகிற சரக்கைத் தயங்காமல் திருப்பிவிடலாம். எடை சரியாக இருப்பதனால் தரம் சரி என்று ஆகாது. எடை தவறானால் மற்றவற்றை நம்புவதற்கு இடம் இல்லை.

எண்கள் வலிமையைத்தான் குறிக்கும் என்பதும் இல்லை. ஏர்பேட்டு ரயில் நிலையத்தில் தண்டவாளத்தின் பக்கவாட்டைப் பார்த்தால், உருட்டும்போதே எழுப்பிய எழுத்துகள் தெரியும். 52 அல்லது 60 என்று இருப்பது மீட்டர் ஒன்றுக்கு எத்தனை கிலோ என்னும் எடை. 880 என்று இருந்தால் அது இழுவலிமை. பழைய ரயில்வே ஊழியர் இதையே 90 என்பர். 42 நம் கண்முன் 410 ஆனது போலவே 90 கிலோகிராம் 880 நியூட்டனாக ஆனது. பிற்காலத்து 'ஆர் 260' என்னும் வகையிலோ 260 என்பது கடினத்தின் அளவு. அடுத்த ஊராகிய ராச்சகுன்னேரியில் குடிநீர்க் குழாய் வார்க்கிறார்கள். அது உருக்கு அன்று, உடையாது வளையும் வார்ப்பிரும்பு. அக்குழாய்களின் 'கே 7', 'கே 9' என்னும் பெயர்களில் உள்ள எண் சுவரின் கனத்தைக் கணக்கிடுவதற்கு. ஒரே சாலையில் நான்கு மைல் தூரத்துக்குள் எண்ணுக்கு இத்தனை பொருள்கள்!

இரண்டாவது வழி, உட்கலவையால் பெயரிடுவது. '40 சி 8' என்றால், முதலில் உள்ள 40ஐ நூறால் வகுக்க வேண்டும். கரி நூற்றுக்கு 0.40 பங்கு. கடைசியில் உள்ள 8ஐப் பத்தால் வகுக்க வேண்டும், மாங்கனீசு 0.8 பங்கு. இந்த உருக்கைத்தான் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் கடைசல் பட்டறைகளில் 'ஈ.என். 8' என்று கேட்கிறார்கள். அது 1941இல் போர் நெருக்கடியின்போது பிரிட்டிஷார் வகுத்த பட்டியலில் இருந்து வந்த பெயர். பிரிட்டிஷாரே தங்கள் ஏட்டில் அதைக் கைவிட்டு நெடுநாள் ஆயிற்று. நம் பட்டறைகளிலோ அது கோலோச்சுகிறது. அமெரிக்கப் பட்டியலில் இதற்கு நெருங்கியது '1040'. அங்கும் கடைசி இரண்டு இலக்கம் கரியின் அளவே.

குரோமியம், நிக்கல் முதலியன சேர்ந்த கலப்புருக்குகளில் கணக்குச் சற்றுச் சிக்கலாகிறது. குரோமியம், நிக்கல், மாங்கனீசு, சிலிக்கன் ஆகியவற்றின் அளவை நான்கால் பெருக்கியும், மாலிப்டினம், வனேடியம் போன்றவற்றைப் பத்தால் பெருக்கியும் எழுதுகிறார்கள். புள்ளி வைத்த எண்களைத் தவிர்ப்பதற்காக ஜெர்மானியரும் கையாளும் தந்திரம் இது. நினைவாற்றலுக்கு இது ஒரு சுமை என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் ஒருமுறை பழகிவிட்டால், பெயரே சமையற் குறிப்பாகிவிடுகிறது. கலப்பு மிகுந்தால் முன்னால் 'எக்ஸ்' போட்டு, பெருக்காமல் நூற்றுக்கு எவ்வளவோ அதையே எழுதுகிறார்கள். நாம் எவர்சில்வர் என்று சொல்லுகிற துருவேறா உருக்கு இந்த வகை. 'எக்ஸ் 04 குரோமியம் 19 நிக்கல் 9' என்ற பெயரில் உள்ள 19உம் 9உம் அப்படியே நூற்றுப்பங்கு. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று பாத்திரக்கடையில் சோதித்துக் காட்டுவார்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீசை மிகுத்துச் செய்த மலிவான வகையிலும் காந்தம் ஒட்டுவதில்லை. அந்தச் சோதனையை நம்பிப் பயன் இல்லை.

இந்த விதியைக் கொண்டு நம் கொல்லரின் வில்பட்டைக்கும் பெயர் சொல்லலாம். லாரி வில்பட்டைகள் பலவற்றுக்கு உரிய உருக்கு '55 சிலிக்கன் 7'. கரி 0.55, ஏழை நான்கால் வகுத்தால் சிலிக்கன் ஒன்றே முக்கால். அண்மையில் அவ்வழியே சென்றபோது இதை அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே சென்று வெட்டுவாயில் பிளந்த இரண்டு அரிவாள்களைக் கொண்டுவந்து போட்டார். 'இவையும் லாரிப் பட்டைதான். வழக்கம்போல் தண்ணீரில் தோய்த்தேன், வெடித்துவிட்டன. பொறியும் வேறு மாதிரி இருந்தது. இவற்றுக்கு என்ன பெயர்?' என்று கேட்டார்.

வில்பட்டைகளில் '50 குரோமியம் 4 வனேடியம் 2' என்று ஒரு வகை உண்டு. குரோமியம் கலந்த உருக்கு உள்வரை கடினமாகும். தண்ணீரின் வேகம் அதற்கு ஆகாது. அதுவாக இருக்கலாம் என்றேன். எண்ணெயில் தோய்த்துப் பார்க்கும்படி சொன்னேன். அவர் அந்தப் பெயரை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, உலைக்குப் பின்புறச் சுவரில் கரியால் தெலுங்கில் எழுதிவைத்தார். எழுதியதன் கீழே, தமக்கு மட்டும் விளங்கும்படி, பறக்கும் பொறி ஒன்றையும் வரைந்துகொண்டார்.